ஓய்வுக்கு ஓர் ஒத்திகை

காபிப்பொடி டப்பா எங்கே என்று வெர்னன் கேட்டபோது, மார்லிஸ் ஓய்வு பெற்று இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"மேல ரெண்டாவது கதவு," என்றாள்.

"அங்க தட்டுதானே இருக்கும்?"

"தட்டெல்லாம் சிங்க் பக்கம் வந்தாச்சு. கழுவின கையோட எடுத்து வைக்கலாம் பாரு. நாலு வருஷமா இந்தச் சமையலறைக்குள்ள எவ்வளவு தூரம் வீணா நடந்திருக்கே நீ."

"இப்ப நான் நடக்கிறதே அது ஒண்ணுதான் மார்லி. அதையும் மிச்சம் பிடிச்சிட்டியா?"

வெர்னன் தபால்காரராக இருந்தவன். ஊரையே காலால் அளந்துவிட்டு நான்கு வருஷத்துக்கு முன் உட்கார்ந்தான். இப்போது மார்லிஸின் முறை. உண்மையான ஓய்வு இல்லை, ஒத்திகை. இலையுதிர் காலத்தில் ஒரு முதலீட்டு ஆலோசகர் அறுபதைத் தாண்டியவர்களை ஹோட்டலுக்கு அழைத்து இலவசமாகக் கோழிக்கறி போட்டார். சாப்பாட்டுக்கு நடுவே கொஞ்சம் பயமும் காட்டினார். "பணம் பத்துமான்னு நான் சொல்லிடுவேன். பொழுது போகுமான்னு நீங்கதான் பாக்கணும். ஒரு வாரம் லீவு போட்டு வீட்டுல இருந்து பாருங்க" என்றார். கைபேசியை அணைத்துவிட வேண்டும், அலுவலகப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

மார்லிஸ் வேலை பார்த்தது பனி கொட்டும் விஸ்கான்சின் ஏரிக்கரை ஊரில், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில். யார் வீட்டுக்கு எந்த மெக்கானிக் போக வேண்டும் என்று தொலைபேசியில் சொல்பவள் அவள்தான். ஜனவரி விடியலில் ஹீட்டர் நின்றுபோனவர்கள் முதலில் கேட்பது அவள் குரல். மகள் ஹைடியின் பள்ளி நாடகங்கள் எல்லாம் குளிர்காலத்தில்தான் நடந்தன. ஹீட்டர்களும் குளிர்காலத்தில்தான் நின்றன.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி ட்ராயிடம் பதில் சொல்ல வேண்டும். ஓய்வில் போகிறேன் என்றால் அவள் நாற்காலி அலுவலக உதவியாளர் கெல்சிக்கு. வெர்னனுக்கு அரிசோனா. அங்கே அவன் தம்பி இருக்கிறான், வெயில் இருக்கிறது. பனி முடியும்வரை அங்கே போய்க் கிடக்கலாம் என்று நான்கு வருஷமாகக் காத்திருக்கிறான். அரைக்கால் சட்டைகள்கூட வாங்கிவிட்டான்.

சமையலறைத் தொலைபேசி அடித்தது. மார்லிஸ் எடுத்தாள்.

"அப்பா இல்லையா?" என்றாள் ஹைடி.

"நான்தான்டி. அம்மா."

"ஐயோ, என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவருக்கென்ன. நான் இந்த வாரம் வீட்டுல இருக்கேன்."

"ஓ." ஹைடி சற்று யோசித்தாள். "சரிம்மா. ஒண்ணும் விசேஷமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். அப்பாவை அப்புறம் பேசச் சொல்லு."

சும்மா கூப்பிடுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் தானல்ல என்பது மார்லிஸுக்குப் புரிந்தது. "தினம் கூப்பிடுவாளா?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"பெரும்பாலும். இந்த நேரத்துக்கு அவளுக்கு இடைவேளை."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்தைப் பேசறது? அவ மேனேஜரைத் திட்டுவா. நான் ஆமா போடுவேன்."

மார்லிஸ் தட்டுகளை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். வெர்னன் சிறிது நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காரில் ஏதோ பார்க்க வேண்டும் என்று வெளியே போனான். காது சிவக்கக் குளிரில் நின்றுவிட்டுத்தான் திரும்பினான்.

மதியம் மறுபடி தொலைபேசி அடித்தது. கெல்சி.

"மார்லிஸ், மன்னிச்சுக்கோங்க, லீவுல இருக்கீங்க. ஏரித் தெருவுல அந்த ஓய்வுபெற்ற டீச்சர் வீடு. ஹீட்டர் கீழ்தளத்துலயா, மாடியிலயா?"

"கீழ்தளம். பின்வாசல் வழியா போகச் சொல்லு. முன்கதவைத் தட்டினா அந்தம்மா டீ குடுத்து உக்கார வச்சுடும்."

"நீங்க இல்லாம எங்களுக்குக் கையே ஓடல."

தொலைபேசியை வைத்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "வீட்டு நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டிருக்காங்க பாரு," என்றாள். வெர்னன் காபிப்பொடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை, தன்னால் அவன் வழக்கம் கெடக் கூடாது என்று அவனோடு காலை உணவுக்குக் கிளம்பினாள். முக்குக் கடையில் பழைய தபால்காரர்கள் நாலு பேர் தினமும் கூடுவார்கள். அவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பனியைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார்.

மௌனம் மார்லிஸுக்கு ஆகாது. ஒருவருடைய முட்டிவலிக்கு எந்த டாக்டர், இன்னொருவர் கொட்டகையின் பனியை யார் எப்போது வார வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாள்.

"அவங்க புலம்பறதுக்கு வர்றாங்க மார்லி," என்றான் வெர்னன் காரில். "தீர்த்து வச்சுட்டா நாளைக்கு எதுக்கு வருவாங்க?"

"அப்போ கோவிச்சுக்கிட்டாங்களா?"

"கோவமில்ல. மிரண்டுட்டாங்க."

அன்று மாலை ட்ராயே கூப்பிட்டு, பேக்கரிக்காரர் வீட்டு நாய் கடிக்குமா என்று கேட்டான். கடிக்காது, குரைக்கும், பிஸ்கட் கொண்டு போனால் குரைக்காது என்றாள். அந்த நாயைப் பற்றித் தனக்குத் தெரிந்த அளவுக்கு ஹைடியைப் பற்றித் தெரியுமா என்ற நினைப்பு வந்தது. ட்ராய் நன்றி சொன்னதில் அது கலைந்துபோனது.

மிரண்டவர்களைச் சமாதானப்படுத்த புதன்கிழமை அவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி, மேலே சீஸ் தூவி ஓவன் அடுப்பில் வைப்பதாக ஏற்பாடு. அவள் தூவிக்கொண்டிருக்கையில் வெர்னன், உதவியாக இருக்கட்டுமே என்று ஓவனைச் சூடாகப் போட்டுவைத்தான்.

"என்ன நாத்தம் இது?"

"ஓவன்தான். முன்னாடியே சூடு பண்ணினேன்."

"உள்ளே இருந்ததை எடுத்தியா?"

"ஓவனுக்குள்ள என்ன இருக்கும்?"

"பிளாஸ்டிக் டப்பா! இடம் சும்மா கிடக்கேன்னு திங்கட்கிழமை அங்க அடுக்கினேன்."

விருந்தாளிகள் வந்தபோது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. நாலு பேரும் குளிர்கோட்டைக் கழற்றாமல் ரொட்டியும் சீஸும் தின்றார்கள். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. அவர்களில் ஒருவர் வெர்னனிடம் ரகசியமாக, "உனக்கு அரிசோனா வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டது மார்லிஸின் காதில் விழுந்தது.

கெல்சியின் அழைப்பு அன்று சாப்பாட்டுக்கு நடுவிலேயே வந்தது. ஸ்பானர் செட் ஒன்று எந்த அலமாரியில் என்று. மார்லிஸ் எழுந்து போய், நாலு பேருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்.

நாற்றம் போகட்டும் என்று சிங்க் மேலிருந்த ஜன்னலை இரவு முழுக்க லேசாகத் திறந்தே வைத்தாள். விடிந்தபோது குழாய்த் தண்ணீர் உறைந்திருந்தது. முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து குழாய்க்குச் சூடு காட்டினாள். குழாய் வெடித்தது. தண்ணீர் கீழ்தளத்துக்கு இறங்கி ஹீட்டரை நனைத்தது. வீடு குளிரத் தொடங்கியது.

"உங்க கம்பெனிக்குப் போன் பண்ணு," என்றான் வெர்னன். அரைக்கால் சட்டைகளில் ஒன்றை எடுத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாட்டேன். நாலு நாள் வீட்டுல இருந்ததுக்கே ஹீட்டரை மூழ்கடிச்சுட்டா மார்லிஸ்னு சிரிப்பாங்க."

"அப்போ குளிர்ல சாவோமா?"

"எங்களுக்குப் போட்டியா இருக்கிற எதிர்க் கம்பெனியைக் கூப்பிடு. உன் பேர்ல."

எதிர்க் கம்பெனி ஆள் வந்தான். கீழ்தளப் படியில் பாதி இறங்கியவன் அவள் குரலைக் கேட்டுத் திரும்பினான். "நீங்க மார்லிஸ் இல்ல?"

"அவ அக்கா," என்றாள் மார்லிஸ்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. ட்ராய்தான். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் பழைய மாடல் ஹீட்டர் அணைந்துவிட்டதாம், எப்படி மறுபடி பற்றவைப்பது என்று கேட்டான். குளிர்கோட்டும் கையுறையுமாக, வாயிலிருந்து புகைபோல மூச்சு வர, மார்லிஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்க் கம்பெனி ஆள் கருவியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான்.

"உங்க தங்கச்சிக்கும் இதெல்லாம் தெரியுமாம்ல," என்றான்.

வெள்ளிக்கிழமை வீடு சூடாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

காலை போயிற்று. மதியமும் போனது. மார்லிஸ் இரண்டு முறை ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள்.

"ஏதோ பெரிசா நடந்திருக்கு, வெர்ன். என்கிட்ட சொல்லக் கூச்சப்படறாங்க."

"எல்லாம் நல்லா நடக்குதுன்னும் இருக்கலாமே."

"நாலு நாள் நான் இல்லாம திணறினவங்க ஒரே ராத்திரியில நீந்தக் கத்துக்கிட்டாங்களா?"

வெர்னன் செய்தித்தாளை மடித்தான், பிரித்தான்.

தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"அம்மா? நல்லவேளை, நீயே எடுத்துட்ட," என்றாள் ஹைடி. "இன்னிக்கு உன்கிட்டதான் பேசணும்னு கூப்பிட்டேன். உனக்கு நேரம் இருக்கா?"

"ஹைடிக் கண்ணு, அப்புறம் கூப்பிடறியா? ஆபீஸ்லேர்ந்து போன் வரணும். லைன் சும்மா இருக்கட்டும்."

"சரிம்மா," என்றாள் ஹைடி. பழகிப்போன குரல்தான் அது. நாடகம் முடிந்த இரவுகளிலும் அதே குரலில்தான் சரிம்மா என்பாள். ரிசீவரை வைத்த பிறகே மார்லிஸுக்கு அது உறைத்தது. திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குத் திரும்பியிருப்பாள்.

அலுவலகத்திலிருந்து கடைசிவரை அழைப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மீன் வறுவலுக்கு ஊரே அந்த ஒரு விடுதியில்தான் கூடும். மூலை மேசையில் ட்ராய் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். மார்லிஸ் தன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் நின்றாள்.

"ட்ராய், திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நான் போகல. கவலைப்படாதே."

ட்ராயின் வாய் நிறைய மீன் இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற வெர்னனைப் பார்த்தான். வெர்னன் உள்ளே வரும்போதே வாங்கிய பிராந்திக் கோப்பையில் மிதந்த ஆரஞ்சுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிச்சயமா?" என்றான் ட்ராய், விழுங்கிவிட்டு.

"இவ்வளவு பட்டும் கேக்கறியே. இந்த வாரம் நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியாதா?"

"அது... சரி. சந்தோஷம் மார்லிஸ்."

தங்கள் மேசைக்கு வந்ததும் வெர்னனின் கையைப் பிடித்தாள். "கோவமா?"

"இல்ல."

"அரிசோனா எங்கேயும் ஓடிடாது. இன்னும் ரெண்டு வருஷம். அவங்களுக்கு நான் வேணும் வெர்ன். நீயே பாத்தேல்ல?"

"பாத்தேன்," என்றான். மீனின் முள்ளை வெகு நேரம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயதாகிவிட்டது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. இரண்டு வருஷம் பெரிய காலம் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஹைடியின் குளிர்காலங்களைப் பற்றியும் அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக அலுவலகம் போனாள். அவள் மேசை மீது சின்னப் பூந்தொட்டி ஒன்று இருந்தது. கெல்சி அதை எடுத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போனாள்.

"நாங்க நிஜமாவே உங்களைத் தேடினோம்," என்றாள், தொட்டியை மார்போடு அணைத்தபடி. பார்வை மட்டும் தரையில் இருந்தது.

"தெரியும்டி," என்றாள் மார்லிஸ். நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றியிருந்தார்கள். அதைத் தன் அளவுக்கு இறக்கினாள்.

மெக்கானிக் லைல் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். அவளை விடவும் பழைய ஆள், யாரிடமும் அதிகம் பேசாதவர். நேராக அவள் மேசைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல நின்றார்.

"மன்னிச்சுக்கோ மார்லிஸ், வெள்ளிக்கிழமை என்னோட முறை. தினம் ஒருத்தர் கூப்பிட்டு அவகிட்ட ஏதாவது கேளுங்கன்னு வெர்னன் அவ்வளவு கெஞ்சியிருந்தார், நானும் நாள் பூரா யோசிச்சேன், உன்கிட்ட கேக்க எனக்கு எதுவுமே தோணல."