சல்லடையாரும் ஜெர்மன்காரன் காரும்

திருவண்ணாமலைக்கு மோட்சம் தேடி வந்தவர்களை எண்ணி மாளாது. அந்த ஊரிலேயே பிறந்து, மலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு காரின் மூக்குக்குள் தூசி போகாமல் காப்பதற்கென்றே உயிர் வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சொந்தப் பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. சல்லடையார் என்போம். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டுவார். ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீரை வடிகட்டுவார். டீக்கடையில் வடிகட்டிய டீயை வாங்கித் துண்டு நுனியில் இன்னொரு தடவை வடிகட்டிக் குடிப்பார். டீக்கடைக்காரர் அந்த அவமானத்தை வருஷக்கணக்கில் விழுங்கினார்.

எழுபதுகளில் நான் யூனியன் ஆபீஸ் கிளார்க். செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண் சந்தில் அறை எடுத்திருந்தேன். எனக்கு முன்பு அந்த அறையில் இருந்தவன் பீட்டர் என்கிற ஜெர்மன்காரன். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று தரை வழியாகவே கார் ஓட்டி வந்தவன். கார் என்றால் நம் ஊர் டாக்சி மாதிரி உருண்டையாக, சாதுவாக இருக்கும் கார் அல்ல. இரண்டே கதவு, ஆரஞ்சு நிறம், தரையை முகர்ந்துகொண்டு நிற்கும் உடம்பு. இன்ஜினில் இரண்டு கார்புரேட்டர், அதனால் காற்றை வடிகட்ட இரண்டு பில்டர். வேகத்துக்காகவே பிறந்த அந்த ஜந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகர ஷெட்டில் நின்றது. ஷெட்டில் குடியிருந்தவர் சல்லடையார். கடலை எண்ணெய் ஆலையில் இன்ஜின் பார்க்கிற வேலை. ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. மனிதர்களிடம் பேசுவதை வீண் செலவாக நினைப்பவர்.

ஒரு சித்திரை மாதம் பீட்டர் இமயமலைப் பக்கம் கிளம்பினான். கார்த்திகை தீபத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிச் சாவியைச் சல்லடையாரிடம் கொடுத்தான். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. காருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பீட்டர் நடித்தே காட்டினானாம். தினம் காலையில் ஸ்டார்ட் பண்ணு, சூடேறும்வரை ஓட விடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்று. கடைசியாக, தன் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, கீழே விழுந்து செத்தும் காட்டினானாம். பில்டர் அடைத்தால் இன்ஜினுக்கு இதுதான் கதி. சல்லடையார் வாழ்க்கையில் யாரும் அவருக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை போலிருக்கிறது. அன்றே அவர் அந்தக் காருக்கு அடிமையானார்.

அந்தக் கார்த்திகைக்குப் பீட்டர் வரவில்லை. அடுத்த கார்த்திகைக்கும் வரவில்லை.

சல்லடையார் தன் வேலையை நிறுத்தவில்லை. விடிந்ததும் சந்தே அதிர ஸ்டார்ட் செய்வார். குழந்தைகள் அழும், கோழிகள் கூரையேறும், நான் கெட்ட கனவிலிருந்து கெட்ட நனவுக்கு வருவேன். பேட்டரி முனைக்கு வாசலின் தடவுவார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும் என்று ஒரு வாரம் காரை ஒரு சாண் முன்னால் தள்ளுவார், மறுவாரம் ஒரு சாண் பின்னால். வெளியே ஓட்டியதே இல்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "அவன் வண்டிங்க. ஓட்டறதுக்கா குடுத்துட்டுப் போனான்?" என்றார். யாரையும் தொட விடமாட்டார். ஷெட்டுக்குள் தும்முவதற்குத் தடை இருந்தது.

பில்டர் விஷயத்தில்தான் சந்து படாத பாடு பட்டது. எங்கள் ஊர்ப் புழுதி சாதாரணப் புழுதி அல்ல. கார்த்திகை மாட்டுச் சந்தை முடிந்தால் ஒரு மாதத்துக்கு ஊரே மாட்டுக் குளம்பின் பொடியைச் சுவாசிக்கும். காரோடு வந்த காகித பில்டர் இரண்டும் முதல் வருஷமே அடைத்துக் கிழிந்தன. அந்த அளவில் மெட்ராஸில்கூடக் கிடைக்கவில்லை. சல்லடையார் ஆராய்ச்சியில் இறங்கினார்.

முதலில் மல் வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினார். ஒருநாள் இன்ஜின் திணறி, கார்புரேட்டர் வழியாகவே நெருப்பைத் துப்ப, வேட்டி எரிந்தது. அவருக்கு இருந்ததே இரண்டு வேட்டி; அந்த வாரம் முழுக்க ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு, அதைத் துவைத்தால் காயும்வரை கோவணத்தோடு ஷெட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அடுத்தது தேங்காய் நார். தூசியை நிறுத்தியதோ இல்லையோ, நாரே உள்ளே போய்விட்டது. பிறகு லாரிக்குப் போடுகிற, அடியில் ஆயில் நிற்கும் சட்டி மாதிரியான பில்டர். அதை மாட்டியதும் முகத்தில் மெத்தையைப் போட்டு அழுத்தினதுபோல் கார் முனகியது. அன்றே கழற்றினார். கடைசியில் ஸ்பாஞ்சுக்கு வந்து சேர்ந்தார். அந்த வாரம் டவுன் பஸ் ஒன்றின் கடைசி சீட்டு வெறும் பலகையாக ஓடியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஸ்பாஞ்சை எண்ணெயில் நனைத்தால் தூசி ஒட்டிக்கொள்ளும் என்பது சரிதான். ஆனால் எண்ணெய் ஆலைக்காரர் கையில் இருந்தது கடலை எண்ணெய். இன்ஜின் சூடேறியதும் சந்து முழுக்க வடை வாசனை. நாலு வீட்டில் குழந்தைகள் வடை கேட்டு அடம் பிடித்தன. மறுநாள் எறும்பு வந்தது, அதற்கு மறுநாள் எலி வந்தது. பிறகுதான் இன்ஜின் ஆயிலுக்கு மாறினார். வாரம் ஒரு நாள் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, ஆயில் தொட்டு மறுபடி மாட்டுவார்.

பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் ஒருவர், பந்தயம் விடுகிறவர்கள் பில்டரே போடமாட்டார்கள், எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று யோசனை சொன்னார். சல்லடையார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மூக்க அறுத்துப் போட்டுட்டு ஓடுவியா? ஓடிக் காட்டு, பாக்கறேன்."

சிரிப்பெல்லாம் மற்ற நாட்களுக்கு. தீபத்தன்று மட்டும் அந்த ஷெட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வராது. விடியற்காலையில் காரைக் கழுவி, காற்றடித்து, டாங்கில் பெட்ரோல் ஊற்றி, ஷெட்டின் கதவை அகலத் திறந்து வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். ஊரெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே ஒரே குரலில் அரோகரா என்று எழும். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்து கதவைச் சாத்துவார். வருஷா வருஷம்.

நெல் மண்டி முதலாளி ஒருவர் மகன் கல்யாண ஊர்வலத்துக்கு அந்தக் காரைக் கேட்டு வந்தார். விலைக்கும் கேட்டார். சொந்தக்காரன் வருவான் என்றார் சல்லடையார்.

"எங்கனா செத்து கித்து போயிருப்பான்யா. இல்லாட்டி உன்ன மறந்திருப்பான். வாக்கு குடுத்தா வெள்ளைக்காரன் வந்துடுவானா?"

செத்திருப்பான் என்றதற்குச் சல்லடையார் முகம் மாறவில்லை. மறந்திருப்பான் என்றபோதுதான் மாறியது. "ரோடு தூரம் ஜாஸ்திங்க" என்று மட்டும் சொல்லி பானெட்டை மூடினார். அந்த வருஷங்களில் அவரைத் தின்றுகொண்டிருந்தது என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதன் சொன்ன சொல் பொய்யா, நிஜமா. அவ்வளவுதான். அந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் தினம் இன்ஜினை அலறவிட்டாரோ என்னவோ.

ஒரு பங்குனிக் காலையில் சந்துக்குள் டாக்சி வந்தது. வெள்ளை முடி, தாறுமாறாகச் சுற்றிய நூல் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. பீட்டரின் அம்மா. கூடவே ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண். மகன் இருந்த அறையைப் பார்க்க வந்தார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மாள் உள்ளே போய், சுவரில் ஆணி அடித்திருந்த இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வாசலில் அந்தப் பெண்தான் எங்களுக்குச் சொன்னாள். பீட்டர் மலைப்பக்கத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தான். அப்பா படுத்த படுக்கை. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மாளால் வீட்டை விட்டு நகர முடிந்திருக்கிறது.

சல்லடையார் ஆயில் கையோடு நின்றிருந்தார். கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்த மாசங்க?"

அவள் அம்மாளிடம் கேட்டுச் சொன்னாள். இங்கிருந்து போன அதே வருஷம். ஐப்பசி.

அவர் உதடு அசைந்தது. ஐப்பசி, கார்த்திகை என்று எண்ணினார்.

"அப்ப, கார்த்திகைக்கு வராததுக்கு அவன் மேல தப்பில்ல" என்றார். எங்களிடம் அல்ல. காரிடம்.

பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். நாங்கள் யாரும் அதுவரை பார்க்காதது. வெளிநாட்டு எழுத்து, ஒட்டிய காகிதம்கூடப் பிரியவில்லை. உள்ளே இரண்டு புத்தம்புது காகித பில்டர். பீட்டர் வைத்துவிட்டுப் போனவை. வேட்டி எரிந்தபோதும் எறும்பு வந்தபோதும் இவை இங்கேயேதான் இருந்திருக்கின்றன.

"இது இருக்கறப்பவா பஸ் சீட்ட அறுத்தீங்க?" என்று எனக்கு வாய் தவறிவிட்டது.

"இது அவன் வந்தா மாட்டறதுக்குங்க" என்றார். ஸ்பாஞ்சைக் கழற்றி, புதியதை மாட்டி, சாவியை இரண்டு கையாலும் அந்த அம்மாளிடம் நீட்டினார்.

அம்மாள் உட்கார்ந்து சாவியைத் திருகினார்; முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தம் எங்களுக்குப் புதிது. இத்தனை நாள் மூக்கடைப்போடு பேசிய ஒருவர் முதல்முறையாகத் தெளிவாகப் பேசினதுபோல் இருந்தது. ஸ்டியரிங் அந்தக் காரில் இடது பக்கம். சல்லடையார் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பக்கம் ஏறினார். அப்புறம் நடந்ததைச் செங்கம் ரோடு நெடுநாள் பேசியது. எழுபது வயதை நெருங்கும் ஒரு பெண், தன் ஊர் வழக்கப்படி ரோட்டின் வலது ஓரமாகவே, எதிரே வந்த கட்டை வண்டிகளையெல்லாம் வயலில் இறக்கிக்கொண்டு, மலையைச் சுற்றும் பாதையில் பறந்தார். சல்லடையார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஓரம் போங்க, ஓரம் போங்க என்று கும்பிட்டுக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. சாமியார்கள் சிலர் அன்று புதருக்குள் பாய்ந்து உயிர் பிழைத்தார்கள்.

திரும்பி வந்து நின்றதும் அந்த அம்மாள் உடனே இறங்கவில்லை. பிறகு இறங்கி, சூடான பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிறவள்போல வைத்தார், எடுக்கவே இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது சாவியைச் சல்லடையார் கையிலேயே வைத்து மூடிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இன்ஜின் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டிய சந்து, விடியுமுன்பே விழித்துக்கொண்டு, ஆளுக்கொரு வாசலில் நின்று பல் துலக்கியது. ஷெட்டின் கதவு சாத்தியே கிடந்தது. ஆலைக்கும் அவர் போகவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். கார் மேல் மெல்லிய புழுதிப் படலம். அதற்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தோம்.

ஒரு காலை கதவு திறந்திருந்தது. குனிந்து பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். அவர் வேலை செய்யும்போது அவ்வளவு பக்கத்தில் நான் போனதில்லை. இன்னும் யாருக்காக இதெல்லாம் என்று கேட்டுவிட்டேன்.

அவர் தலையை வெளியே எடுத்தார். கண் வீங்கியிருந்தது.

"அவன் வரமாட்டான், சரி. காரு இன்னா பண்ணுச்சு?"

ஆபீஸ் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, எந்தத் துணியால் துடைக்கணும் என்று கேட்டேன். அவர் என் கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல கைய கழுவிட்டு வாங்க" என்றார்.

போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தேன்.