சிங்கத்தலை அம்மனும் சொக்ஸ் அண்ணையும்

ஐயர்மாரைத் தவிர்த்தால், ரொறன்ரோவில் சாமிக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கிய ஒரே தமிழர் சொக்ஸ் அண்ணைதான்.

ஒரு மியூசியத்தில் நாங்கள் இருவரும் செக்யூரிட்டி. எனக்கு டைனோசர் எலும்புகள். அடுத்த அறையில் அவருக்கு, எகிப்துக் கோயிலொன்றில் இருந்து வந்த கருங்கல் அம்மன். சிங்கத் தலை, பெண் உடம்பு, ஒரு கை உடைந்து போயிருக்கும்.

பூசை நின்றுவிட்டால் சாமி சாமியில்லாமல் போய்விடுமா என்பது அண்ணையின் வாதம். ஆகவே சப்பாத்தை அறை வாசலில் கழற்றிவிட்டு, எட்டு மணித்தியாலமும் சொக்ஸோடு நிற்பார். மேலே யூனிபோர்ம், வோக்கி ரோக்கி. கீழே ஓட்டைச் சொக்ஸுக்குள்ளால் எட்டிப் பார்க்கும் பெருவிரல். கள்ளன் வந்திருந்தால் வழுக்கி விழுந்துதான் பிடித்திருப்பார். உடைந்த சிலையைக் கும்பிடக் கூடாதே என்று ஒருநாள் சீண்டினேன்.

"கை உடைஞ்ச மனுசியை வீட்டை விட்டுக் கலைப்பீரோ?" என்றார்.



ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. வாசலில் ஒரு சோடி சப்பாத்தைக் கண்டால் நம் சனம் கேள்வி கேட்குமா? ஐந்து சோடி கழன்றது. பின்னால் வந்த வெள்ளைக்காரக் கூட்டம், இது மியூசியத்தின் சட்டமாக்கும் என்று தானும் கழற்றியது. சிலை நடு அறையில் இருந்ததால் எல்லோருமாக வலம் வேறு வந்தார்கள். அண்ணை பெருமையோடு வழி விட்டுக்கொண்டு நின்றார். மேலாளர் வந்து பார்த்தபோது வாசல் தேர்த்திருவிழாப் போலக் கிடந்தது. இன்னொரு முறை சப்பாத்தில்லாமல் கண்டால் வேலை போய்விடும் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

அண்ணை திருந்தினாரா? சப்பாத்தை வாசலில் விடாமல் தூணுக்குப் பின்னால் ஒளித்தார், அவ்வளவுதான். அடுத்த வாரமே துப்புரவு செய்கிறவர், யாரோ மறந்துபோனது என்று நினைத்து அதைக் கீழ்மாடியில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேலாளர் மேலே வருகிறார் என்று வோக்கி ரோக்கி சொன்னது. அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் அவரை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்? என் மடைத்தனத்தை என்ன சொல்ல, என்னுடைய சப்பாத்தைக் கழற்றி அவர் முன்னால் தள்ளினேன்.

"போடுங்கோ அண்ணை, கெதியா."

அவருடைய சின்னக் கால் அதற்குள் நீச்சலடித்தது. ஆனாலும் தப்பிவிட்டார். டைனோசருக்கு முன்னால் சொக்ஸோடு நின்ற எனக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது.

ஒரு நன்றியாவது சொல்வார் என்று பார்த்தேன். அவரோ என் கால்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இப்பதான் தம்பி உமக்குப் புத்தி வந்திருக்கு. ஆனா உது வெறும் எலும்பெல்லோ. கழட்டுறதெண்டால் இங்காலை வந்து கழட்டும்."

போன வருடம் ஓய்வுபெற்று யூனியன்வில்லில் மகளோடு இருக்கிறார். அந்த மனிதர் இல்லாமல் எனக்கு வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை. அம்மனின் அறை இப்போது என் பொறுப்பு. ஒழுங்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், மேலாளர் வரும் நேரங்களில் மட்டும்.