மணிக்கட்டில் மெர்குயி

ஒரு நாட்டின் தென்கடற்கரை முழுவதையும் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடமாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர். உடம்பிலேயே மேப் வைத்திருந்ததால் எல்லாருக்கும் அவர் மேப்பண்ணன்.

சொந்த ஊர் மெர்குயி. அதைப் பற்றி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நம்மைப் பார்த்து நின்று வலது கையைத் தொங்கவிடுவார். தோள் மோல்மேன். முழங்கை தவாய். மணிக்கட்டு மெர்குயி. நடுவிரல் நுனி கௌதாங். கைக்கு வெளியே கடல், விலாப்பக்கம் தாய்லாந்து. முன்கை மச்சங்கள் தீவுகள்.

நான் வரைபடத்தில் அளவுகோல் வைத்துச் சரிபார்த்தேன். மெர்குயி மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே வர வேண்டும். சொன்னேன். மறுநாள் முதல் கைக்கடிகாரத்தை மூன்று விரல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்.

தடுப்பூசி போட வந்த நர்ஸிடம், "மோல்மேனுக்குக் கீழ குத்தும்மா. தவாய்ப் பக்கம் வெள்ளீயச் சுரங்கம் இருக்கு, ஊசி ஒடிஞ்சிரும்" என்றார்.

முத்து, ரப்பர், பாக்கு, கருவாடு, இறால், எல்லாம் அவர் கையிலிருந்துதான் ரங்கூனுக்கு வந்தாக வேண்டும். அடிமைப்பட்டதிலும் அவருக்குப் பெருமை. "மொதச் சண்டையில வெள்ளக்காரன் ரங்கூனப் புடிச்சான், திருப்பிக் குடுத்துட்டான். எங்க கரைய விட்டானா? சரக்கு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும்ல!"

சென்ற மழைக்காலத்தில் சந்தைப் படியில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கை முறிந்தது. கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார்கள்.

"தவாய் போச்சுப்பா" என்றார்.

அதே வாரத்தில்தான் எங்கள் தட்டச்சர் மா சாந்தி கண் கலங்கி வந்தாள். இளம்பெண்ணுக்கு மா, பெரியவர்களுக்கு டோ என்பது பர்மிய மரியாதை. மெர்குயியில் நண்டு ஏற்றுமதிக் கிடங்கில் வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மா டோ மீனாவுக்கு ஊர் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பையன் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும். "நீங்க வந்து சொல்லுங்க மாமா" என்று மேப்பண்ணனைக் கெஞ்சினாள்.

சனிக்கிழமை மாலை, அவள் வீட்டுக்கு நானும் கூடப் போனேன்.

"அங்க என்ன இருக்கு?" என்றார் டோ மீனா. "உப்புத்தண்ணியும் கருவாட்டு நாத்தமும். எம்பொண்ணுக்குக் காச்சல்னா ஓடிப்போய்ப் பாக்க முடியுமா?"

மேப்பண்ணன் எழுந்தார். இடது கையைத் தொங்கவிட்டார். திடுக்கிட்டு மடக்கிக்கொண்டார்.

"என்னாச்சுண்ணே?" என்றேன்.

"இந்தக் கையில காட்டினா கடல் கெழக்கால போயிருது. தாய்லாந்து தண்ணிக்குள்ள நிக்குது. பொண்ணு வாழ்க்கையில பொய் சொல்லலாமா?"

சற்று யோசித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இடது கை தொங்கியது. கடல் மேற்கே வந்தது. கணக்கு மிகச் சரி.

"நல்லது பேச வந்துட்டு முதுகக் காட்டுறாரே! என்ன மனுஷன் இவரு?" டோ மீனா கொதித்தார்.

சாந்தி தலையில் கை வைத்தாள். அவரோ சுவரைப் பார்த்தபடி துறைமுகம், முத்துக் குளிப்பு, அந்தக் காலத்து அரபுக் கப்பல் என்று அடுக்கிக்கொண்டே போனார். டோ மீனா எழுந்து அவர் இடது தோளருகே போனார். திட்டத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

"இத்தன ஊரு சொல்றீங்களே, இதுல ரங்கூன் எங்க?"

"என் ஒடம்புல இல்லக்கா. இப்ப நீங்க நிக்கிறீங்களே, அதான் ரங்கூன். நடுவுல வளைகுடா. கைய நீட்டுங்க."

டோ மீனா தயங்கினார். கொஞ்சம் குனிந்து கையை நீட்டினார். விரல் மேப்பண்ணனின் மணிக்கட்டைத் தொட்டது.

"மூணு விரல் மேல, அக்கா."

விரல் நகர்ந்தது.

"எட்டுதுல்ல?"

டோ மீனா விரலை எடுக்கவில்லை. "தெனம் போன் பண்ணுவாளா?"

"பண்றேம்மா" என்றாள் சாந்தி, அழுகையும் சிரிப்புமாக.

"அப்ப அவங்கள வரச் சொல்லுங்க."

வீடே கலகலப்பானது. மேப்பண்ணன் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றார். எதையும் நேரில் சரிபார்த்து எழுதுகிறவன் நான். அன்று முன்னால் போய் அவர் கண் நனைந்திருக்கிறதா என்று பார்க்க மனம் வரவில்லை. பின்னாலிருந்தே தேநீரை நீட்டினேன். திரும்பாமலே வாங்கிக்கொண்டார்.