ஏப்ரல் மாதத்துச் சாம்பியன்

மனிதர்களில் ஏப்ரல் ரசிகர் என்று ஒரு தனி இனம் உண்டு. மற்ற மாதங்களில் அவர் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். வரி கட்டுவார், பல் விளக்குவார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் ஜன்னலைச் சாத்துவார். பேஸ்பால் பருவம் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் மட்டும் அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். சௌக்கியமா என்றுகூட. ஓர் அணிக்குப் பருவத்தில் நூற்று அறுபத்திரண்டு ஆட்டம். மார்ச் கடைசியில் ஆரம்பித்து, செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினம் ஒன்று நடக்கும். அதில் தேறியவர்கள் அக்டோபரில் மோதிச் சாம்பியன் யாரென்று முடிவு செய்வார்கள். உலகத்துக்கு அந்த விடை அக்டோபரில் தெரியும். ஏப்ரல் ரசிகருக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் எங்கள் மில்வாக்கி நகரத்தில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மாதிரிக்கு ஒருவரைக் காட்டு என்றால், என் பக்கத்து வீட்டு லெஸ்டர் பிலார்ஸ்கியைத்தான் காட்டுவேன். வீடுகளில் சூடாக்கி பழுது பார்க்கிற தொழில், வயது அறுபத்தொன்று, நிதானமான மனிதர். ஜனவரியில் உங்கள் சூடாக்கி நின்றுபோய் மூக்கு நீலமாகி நீங்கள் நடுங்கினாலும், "அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது" என்று சொல்லி ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பார்ப்பவர்.

இந்த வருஷம் முதல் ஆட்டத்தன்று பனியும் மழையும் கலந்து பெய்தது. நாங்கள் எல்லாரும் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் கையுறையோடு நின்று தொத்திறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு உள்ளே போனோம். எச்செவெரியா என்று இருபத்தொரு வயதுப் பையன் பந்து வீச வந்தான். அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். எதிரணி ஆட்கள் பன்னிரண்டு தடவை அவன் பந்தைத் தொட முடியாமல் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்று சாயங்காலம் வண்டிக்கு நடந்து வரும்போதே லெஸ்டர், அந்தப் பையனுக்கு வெண்கலச் சிலை வைக்க இடம் பார்த்துவிட்டார். டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே. கொடிக்கம்பத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்குமாம்.

இரண்டாவது ஆட்டத்தை வீட்டில் பார்த்தார். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில், ஐந்தாவதில் நம் ஆள் ஒருவர் பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி அடித்தபோது, லெஸ்டரின் மனைவி டோரீன் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். மறுநாள் ஐந்தாவது இன்னிங்ஸ் வந்ததும் மனைவி கையில் கத்தியையும் கிழங்கையும் கொடுத்து உட்காரவைத்தார். ஜெயித்தோம். அதற்கு மறுநாளும் உட்காரவைத்தார். ஜெயித்தோம். அந்த வாரம் எங்கள் தெருவில் உருளைக்கிழங்கு சாலட் கிடைக்காத வீடே இல்லை. என் வீட்டுக்கு மூன்று கிண்ணம் வந்தது.

ஐந்து ஆட்டம், ஐந்து வெற்றி. ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லெஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இதே கணக்கில் போனால் நூற்று அறுபத்திரண்டும் நமக்கே என்றார். பேராசை கூடாது, அடக்கமாக இருபது ஆட்டத்தை எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு முகம் வாடினார். "ஹார்வி, ஒரு சிக்கல் இருக்குப்பா" என்றார்.

சிக்கல் அவர் மகள் பெத்தனி. ஒரே மகள். அவளுக்கும் கர்ட்டிஸ் என்கிற பல் மருத்துவருக்கும் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். பெரிய மண்டபம், முந்நூறு விருந்தாளிகள். அத்தனையும் லெஸ்டரே ஆசைப்பட்டுப் போன வருஷமே ஏற்பாடு செய்தவை. இப்போது பார்த்தால் அந்தச் சனிக்கிழமை, அவர் கணக்குப்படி, நம் அணி கோப்பையைக் கையில் வாங்குகிற நாள்.

அன்று மதியம் பெத்தனியும் கர்ட்டிஸும் சாப்பிட வந்தார்கள். நானும் இருந்தேன், கிழங்கைத் தீர்க்க ஆள் வேண்டியிருந்ததால். லெஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கல்யாணத் தேதியை மாற்ற வேண்டும் என்றார். கர்ட்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். டோரீன் கூரையைப் பார்த்தார். பெத்தனி மட்டும் அமைதியாகக் கேட்டாள்.

"எத்தன ஆட்டம் முடிஞ்சிருக்குப்பா?"

"அஞ்சு."

"இன்னும் எத்தன பாக்கி?"

"நூத்தி அம்பத்தேழு. ஆனா இந்த வருஷம் வேற மாதிரிம்மா."

சண்டை வரும் என்று நான் நாற்காலியை ஓர் அங்குலம் பின்னால் தள்ளிக்கொண்டேன். பெத்தனியோ, "சரிப்பா, மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சாலட் போட்டுக்கொண்டாள். லெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்ணைப் பெற என்ன தவம் செய்தேனோ என்கிற முகம்.

அடுத்த நாளிலிருந்து அணி தோற்க ஆரம்பித்தது.

ஒன்றல்ல, இரண்டல்ல, தொடர்ச்சியாக ஏழு. வெண்கலச் சிலைக்காரன் மூன்றாவது இன்னிங்ஸ்கூடத் தாண்டவில்லை. அவனைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பவேண்டும் என்றார் லெஸ்டர். ஜெயித்த வாரமெல்லாம் "நாம" என்று பேசியவர், இப்போது "அவங்க" என்று பேசினார். டோரீன் கத்தியை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக நடக்கப் போனார். எட்டாம் நாள் லெஸ்டர் தொலைக்காட்சிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். பருவம் முடிந்ததாம். தேதி ஏப்ரல் ஏழு. மார்ச் மாதமே தனக்குத் தெரியும் என்று வேறு சொன்னார். நான் வாதாடவில்லை. ஏப்ரல் ரசிகரிடம் அவர் போன வாரம் சொன்னதை நினைவுபடுத்துவதும், தூங்குகிற கரடியின் காதை முறுக்குவதும் ஒன்றுதான்.

பிறகு மகளுக்குப் போன் செய்து, அக்டோபரே இருக்கட்டும், தாராளமாக வைத்துக்கொள் என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்பதை டோரீன் அப்புறம் எனக்குச் சொன்னார். தேதியை மாற்றியாகிவிட்டதாம். இந்த மாதம் இருபத்தாறு, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மண்டபமும் இல்லை, முந்நூறு பேரும் இல்லை. நம் தேவாலயம், நாற்பது பேர், பின்னால் தோட்டத்தில் சாப்பாடு. பெத்தனி ஆரம்பத்திலிருந்தே கேட்ட கல்யாணம் அதுதான். அப்பா மனம் நோகுமே என்று ஒரு வருஷமாக வாய் திறக்காமல் இருந்தவளுக்கு, அப்பாவே கதவைத் திறந்துவிட்டார்.

லெஸ்டர் யோசித்தார். நல்லதுதான் என்றார். இந்த அணி இருக்கிற இருப்புக்கு அன்று யாருக்கும் எதுவும் தவறிப்போகாது.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம். தொலைக்காட்சித் துண்டுக்கு அடியிலேயே அணி ஜெயிக்கத் தொடங்கியது. நான்காவது வெற்றியில் துண்டு நழுவியது. ஏழாவது வெற்றியில் டோரீன் கையில் மறுபடி கத்தி. கல்யாணத்தன்று காலையில் கணக்கு, கடைசிப் பன்னிரண்டு ஆட்டத்தில் பத்து வெற்றி. மதியம் ஒன்று பத்துக்கு உள்ளூர் ஆட்டம். பந்து வீசப்போவது எச்செவெரியா. லெஸ்டர் நீல நிறச் சூட்டில், தேவாலயத்து வாசலில், பையிலிருந்த போனைத் தடவிக்கொண்டே நின்றார். உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.

பெத்தனி வண்டியிலிருந்து இறங்கினாள். வெள்ளை உடுப்பு, அம்மாவின் முத்துத் தோடு. அப்பாவிடம் அவள் எதையும் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. லெஸ்டர் அவளை ஒருதரம் முழுக்கப் பார்த்தார். போனை எடுத்து, அணைத்து, டோரீனின் கைப்பைக்குள் போட்டார். "போலாமா கண்ணு" என்று கையை நீட்டினார்.

மகளைக் கொண்டுபோய்க் கர்ட்டிஸிடம் விட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தவர் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பின்வரிசைகளில் ஆண்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து, ஒரு காதைக் கையால் மறைத்து, மிகுந்த பக்தியோடு இருப்பதைப் பார்த்திருப்பார். பாதிரியார் கர்ட்டிஸைக் கேட்டார். அவன் சம்மதம் சொன்னான். பெத்தனியைக் கேட்டார். அவள் வாயைத் திறந்து, "சம்மதம்" என்று சொன்ன அதே நொடியில் மைதானத்தில் நம் ஆள் ஒருவர் ஒரே அடியில் நான்கு ஓட்டம் எடுத்தார்.

பின்வரிசைகள் எழுந்து ஆர்ப்பரித்தன. ஒருவர் தொப்பியை வீசினார். ஆர்கன் வாசிப்பவர் கைகொட்டினார். பெத்தனி திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். லெஸ்டர் மெல்ல எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், எல்லாருக்கும் தலைவணங்கினார்.

தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எவ்வளவு கல்யாணம் பாத்திருக்கேன் ஹார்வி. எந்தப் பொண்ணுக்கும் ஊரே எழுந்து நின்னு நான் பாத்ததில்ல."

நானும் பார்த்ததில்லை என்றேன். என் இயர்ஃபோனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன். இன்றுவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

இவ்வளவுதான் லெஸ்டர். நீங்கள் இப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். பேஸ்பால் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட உங்களுக்குக் கவலையில்லை. மணமக்களை மனதார வாழ்த்திவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடப்போகிறீர்கள். ஆனால் மூடுகிற நேரத்தில், நான்கு ஓட்டம் சரி, அன்றைக்குக் கடைசியில் ஜெயித்தது யார் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்கிறது பாருங்கள்?

கேட்டால், வாருங்கள். பின்வரிசையில் இடம் இருக்கிறது.