மந்தி வருவது உறுதி

மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் டிவிக்காரர்கள் கருத்துக் கேட்பது எங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்காக அல்ல. நாங்கள் போனை எடுப்போம் என்பதற்காக. வட்டி ஏறினாலும், இறங்கினாலும், ஏதோ ஒரு கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினாலும் சாயங்காலத்துக்குள் நாலு வாக்கியம் கொடுத்தாக வேண்டியிருந்தது. கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்திருந்தது. (கேட்பவர்களுக்குத்தான் அலுக்கவே மாட்டேன் என்றது.)

அப்போது நான் மும்பை செம்பூரில் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. யார் முகம் வெளியே அதிகம் தெரிகிறதோ அவருக்குத்தான் முன்னுரிமை என்று கல்லூரி டைரக்டர் மீட்டிங்கில் சொல்லிவிட்டார். எனக்குப் போட்டி, உடன் வேலை பார்த்த குல்கர்னி. அவரிடம் எதைக் கேட்டாலும் ‘எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை’ என்பார். வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு தமிழ்ச் செய்தி சேனல் கூப்பிட்டது. நேரலை விவாதத்துக்கு, மும்பையிலிருந்து தமிழில் பேசும் நிபுணர் வேண்டுமாம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் பேசியது திருநெல்வேலித் தமிழ். பள்ளியில் படித்தது ஹிந்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காமல், இங்கிலீஷே கலக்காமல் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பொருளாதாரம் படுத்துவிட்டால் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் யோசிக்கவே இல்லை. தெரியும் என்று நினைத்தேன். அப்பா தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் குறைந்தால், “இப்ப மந்தி, கைய இறுக்கிப் பிடிங்க” என்பார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அது பம்பாய் ஹிந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்த சொல் என்றும், தமிழில் மந்தி என்றால் பெண் குரங்கு என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். வரும் வருஷம் எப்படி இருக்கும் என்று சேனலின் தொகுப்பாளினி கேட்டார்.

“மந்தி வரும்,” என்றேன் கம்பீரமாக. “இப்பவே வாசல்ல நிக்குது. முதல்ல சின்னக் கம்பெனிங்களுக்குள்ளதான் நுழையும். கையில இருக்கிறத யாரும் வெளிய எடுக்காதீங்க.”

தொகுப்பாளினி மெதுவாக, “சார், நீங்க மந்தநிலையைத்தானே சொல்றீங்க?” என்றார். நல்ல மனுஷி, கயிறு போட்டுத் தூக்கப் பார்த்திருக்கிறார். மந்தம் என்பது சின்ன வயதில் கணக்குத் தப்பாகும்போது அம்மா என்னைத் திட்டும் வார்த்தை. நாட்டின் பொருளாதாரத்தை அப்படித் திட்டலாமா?

“மந்தநிலையெல்லாம் கிடையாது மேடம். நான் சொல்றது மந்தி,” என்றேன். விவாதத்தில் கூட இருந்த நிபுணர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிந்திக்கிறார்கள் என்று நினைத்தேன்.

என் மனைவி செல்வி அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், தமிழில் படித்தவள். சமையலறையிலிருந்து ஓடிவந்து லேப்டாப்புக்குப் பின்னால் நின்று, வாயைத் திறக்க முடியாமல், இரண்டு கையாலும் விலாவைச் சொறிந்து காட்டினாள். சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று நானும் நேரலையில் என் விலாவை நன்றாகச் சொறிந்தேன்.

திரையின் அடியில் என் பெயரோடு ஏதோ ஓடியது. படிக்கத் தெரியாத பெருமையில் அதைப் படம் எடுத்து டைரக்டருக்கு அனுப்பினேன். அவர் அதைக் கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டார். ‘மந்தி வருவது உறுதி: மும்பைப் பேராசிரியர்’ என்று எழுதியிருந்ததாம். அதைச் செல்வி படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னபோது நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குள் மாமனார் ஊரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

“மாப்ள, நல்லாத்தான் பேசினிய. நம்ம வாழத்தோட்டத்துக்குப் போன வாரமே வந்துட்டு. வந்தா என்ன செய்யணும்னு சொல்லாம விட்டுட்டியளே.”

மறுநாள் அந்தப் பக்கம் முழுக்கத் தமிழ் தெரிந்தவர்கள் போட்ட குரங்குப் படங்கள். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, இது என்ன குரங்கு விவகாரம் என்று ஹிந்தியில் கேட்டார். மந்தி என்று சொன்னேன் சார் என்றேன். சரியாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள் என்றார் அவர். சரிதான் சார், ஆனால் தமிழில் தப்பு என்று எனக்கு எதிராக நானே வாதாட வேண்டியதாயிற்று. வழக்கில் நான்தான் ஜெயித்தேன். நிரந்தர இடம் குல்கர்னிக்குப் போனது. அவமானம் தாங்காமல் செல்வியிடம் உட்கார்ந்து அ, ஆ-விலிருந்து கற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரை அதன் பலன்.

அடுத்த வருஷம் கல்லூரியில் மாணவர் சேர்க்கையில் பாதி இடங்கள் நிரம்பவில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் யாருக்கும் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செல்வி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் சீக்கிரம் வந்துட்டிய என்று கேட்டாள்.

“மந்தி வந்துட்டு,” என்றேன்.

அவள் வழக்கம்போலச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்லிப் பலித்த ஒரே கணிப்பு அதுதான்.

இப்போது குர்லாவில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்துகிறேன். யாரும் என் கருத்தைக் கேட்பதில்லை. அதில் ஒரு நிம்மதி. ஆனால் சொந்தக்காரர்கள் கூடினால் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடியாது. விலாவைச் சொறிந்து நடித்தும் காட்டச் சொல்கிறார்கள், காட்டுகிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். செல்வியும் சிரிக்கிறாள், முதலில் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு.