ஐந்து வாசல் பிடிக்கும் போட்டோப் பெட்டி

மேமலைத் தோட்டம், கீழ் லயம்,
பதுளை.
1926ஆம் வருஷம், மாசி மாதம் 4ஆம் தேதி.

கொழும்பு செட்டியார் தெருவில் எழுத்து வேலை பார்த்து நாளுக்கு நாள் பெரிய மனிதனாகிக்கொண்டு வரும் என் சிரஞ்சீவி மருமகன் சிவஞானத்துக்கு, உன் தாய்மாமன் பழனியாண்டிக் கங்காணி முருகன் துணையால் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் அத்தை தனலெட்சுமி, மூன்று ஆடு எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துவிட்டபடியால் அதைக் கேட்டு மையைச் செலவழிக்கவில்லை.

நீ எழுதின கடிதம் கிடைத்தது. வருகிற சனிக்கிழமை பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறாய், திரும்பிவர நாலு வருஷமோ ஐந்து வருஷமோ ஆகும், அம்மா வழியனுப்ப வரவேண்டாம், துறைமுகத்தில் நின்று அவள் அழுதால் நான் கப்பல் ஏறவே மாட்டேன், ஆனால் முகம் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது, ஆகையால் சட்டைப்பைக்குள் அடங்குகிற மாதிரி விலை சகாயமான ஒரு போட்டோப் பெட்டி வாங்கி, அம்மாவையும் லயத்து வரிசை வீட்டு ஜனங்களையும் ஒரே படமாகப் பிடித்து, படத்தையும் பெட்டியையும் அனுப்புங்கள் மாமா என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மொகம் மறந்துபோயிருமாமா? பெத்தவ மூஞ்சி மறக்குறவனுக்குப் பினாங்கு ஒரு கேடா?" என்று உன்னைத் திட்டிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்பு. ஆகையால் இது விளையாட்டுக் காரியம் அல்ல என்று கண்டுகொண்டேன்.

போட்டோ விஷயத்தில் இந்த ஊவா மாகாணம் முழுவதிலும் என்னைவிடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் செத்துப்போனார். நம் பழைய துரை படம் பிடிக்கும்போதெல்லாம் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தவன் நான்தான். ஒரு நாள் அவர் மூடியைக் கழற்ற மறந்து அரைமணி நேரம் குனிந்துகொண்டிருந்தபோது, அதை எடுத்துச் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றியதும் நான்தான். இங்கிலீஷில் சொன்னேன். அப்பேர்ப்பட்ட நான் பதுளை டவுனுக்குப் போய் லத்தீப் நானா கடையில் ஏறினதும் அவர் எழுந்து நின்றார். (பீங்கான் இறக்க எழுந்தார் என்று உன் அத்தை சொல்வாள். அவள் கூட வரவே இல்லை.)

"என்ன கங்காணி, சொல்லுங்க. படம் பெருசா வேணுமா, பெட்டி சிறுசா வேணுமா?" என்றார்.

"ரெண்டும் வேணும். வெலையும் சிறுசா வேணும்."

"அல்லாஹ்! அப்ப ஒங்களுக்கு ஜெர்மன்காரனே நேர்ல வந்து செஞ்சு குடுக்கணும்."

முதலில் மூன்று கால் வைத்த ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். ஒரு ஆளும் ஒரு மாடும் சேர்ந்து தூக்கவேண்டும். அதை நீ பினாங்குக்குக் கொண்டுபோனால் அதற்கும் ஒரு டிக்கட் எடுக்கவேண்டியிருக்கும் என்று தள்ளிவிட்டேன். இரண்டாவது, பிஸ்கட் டின் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. மலிவு, ஆனால் அதைச் சட்டைப்பையில் போடுவதற்குப் பதில் சட்டையைத்தான் பெட்டிக்குள் போடவேண்டும். மூன்றாவதுதான் சரக்கு. சீமைக்குத் திரும்பிப் போன பூனாகலைத் தோட்டத்துத் துரை ஒருவரின் சாமான் ஏலத்தில் வந்ததாம். மடக்கினால் ஒரு வெற்றிலைப் பெட்டி அளவு. திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மூக்கு நீளும். துருத்தியில் ஒரு குண்டூசி ஓட்டை இருந்ததை நானாவின் மனைவி ஸுபைரா கறுப்புத் துணி வைத்து ஒட்டியிருந்தபடியால் விலையும் இறங்கி வந்தது. "பெட்டிதான் சின்னது கங்காணி, கண்ணு நல்ல அகலம் ஈக்குது. கிட்ட நின்னாலும் ரெண்டு பக்கமும் அள்ளிக்கும்," என்றார் நானா. "நம்பாட்டி ரெண்டையும் கொண்டுபோய்ப் பாத்திட்டு, வேணாத்தைத் திருப்பிக் கொண்டாங்க." பதுளையில் என் பேருக்கு இருக்கிற மதிப்பை நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அகலக் கண் எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், நம் லயத்து முற்றம் உனக்குத் தெரியும். வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு வைத்தால் முற்றம் முடிந்தது. அப்புறம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். கானுக்கு அப்பால் இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிவு. மற்ற ஊரில் படம் பிடிப்பவன் பின்னால் போகப் போக ஜனங்கள் பெட்டிக்குள் அடங்குவார்கள். இங்கே பின்னால் போனால் அவன் தேயிலைக்குள் அடங்கிவிடுவான். முன்னும் பின்னுமாக அடுக்கி நிறுத்தலாம் என்றால், நம் ஜனங்களில் எவளாவது அடுத்தவள் கொண்டைக்குப் பின்னால் நிற்பாளா? ஆகையால் நான் ஒரு பரீட்சை வைத்தேன். கான் ஓரத்தில் நின்று, பெட்டிக்கு மேலே இருக்கிற நகத்தளவு கண்ணாடியில் குனிந்து பார்த்து, எத்தனை வாசல் தெரிகிறது என்று எண்ணினேன். பிஸ்கட் டின்னில் இரண்டு வாசல். மூன்றாவதையும் எப்படியாவது சேர்க்கலாம் என்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தபோது கானுக்குள் இறங்கினேன். விழவில்லை, இறங்கினேன். மடக்குப் பெட்டியில் அதே இடத்தில் நின்று பார்த்தால் ஐந்து வாசல் முழுசாக, ஆறாவதில் கட்டியிருந்த ஆட்டின் பாதி! அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எந்தக் கடைக்குப் போனாலும் பெட்டியின் கண்ணுக்குக் கடைக்காரன் சொல்கிற நம்பரைக் கேட்காதே மருமகனே. எத்தனை வாசல் பிடிக்கும் என்று கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லயமே கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நாற்பத்து மூன்று பேர், எண்ணெய் வைத்துத் தலை வாரி, தகரப் பெட்டிக்குள் கிடந்த சேலையெல்லாம் வெளியே வந்து முற்றம் முழுக்க கற்பூர வாசம். நான் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டேன். ஒருத்தரும் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக, தினமும் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடுகிற அதே புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராக வாசித்து அடையாளம் போட ஆரம்பித்தேன். "ராசம்மா!" என்றேன். "ஆமாங்க" என்றாள். அடையாளம் போட்டேன். இப்படியே குனிந்த தலை நிமிராமல் நாற்பத்து மூன்று பேரையும் வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், முற்றத்தில் இராசையாக் கிழவன் ஒருவன்தான் நிற்கிறான். அவனுக்குக் காது கேட்காது.

மற்றவர்கள் எங்கே என்கிறாய்? பெரட்டில் பேர் வாசித்தால் மலைக்கு ஏறவேண்டும். அரிசி போடுகிற நாளில் பேர் வாசித்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். இருபது வருஷமாக என் குரலில் தங்கள் பேரைக் கேட்டதும் நகர்ந்து பழகின கால்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்குமா? பாதிப் பேர் பட்டுச்சேலையோடு மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தி கூடையையும் மாட்டிக்கொண்டாள். மீதிப் பேர் வீட்டுக்குள் போய்ச் சேலையை அவிழ்த்து மடிக்கிறார்கள்.

"அடியே ராசம்மா! எங்கடி போற?" என்று கத்தினேன்.

"பேரைக் கூப்பிட்டீங்கள்ல கங்காணி? வந்தேன், போறேன்," என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஏன், படம் புடிச்சு முடியலையா?"

அப்போதுதான் உன் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னையும் புத்தகத்தையும் இராசையாவையும் பார்த்தாள்.

"ஏண்டா தம்பி, பேர் வாசிச்சா எவடா நிப்பா? அந்தப் பொஸ்தகத்தை மூடு மொதல்ல," என்று பிடுங்கி ஆட்டுக்கு மேலே வைத்துவிட்டு, கான் ஓரத்தில் போய் நின்றுகொண்டு ஒரு குரல் கொடுத்தாள் பார்: "அடியே எல்லாரும் எறங்குங்கடி! என் மகன் கடலுக்கு அந்தாண்ட போறான். ஒங்க மூஞ்சியெல்லாம் பாக்கணுமாம்!"

பேர் சொல்லாமல் கூப்பிட்டதும் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அவளே எல்லாரையும் நிறுத்தினாள். "நீ தள்ளு, நீ உக்காரு, அந்தப் புள்ளை மூக்கைத் தொடை" என்று ஐந்து வாசலுக்கும் சரியாகப் பரப்பிவிட்டாள். நான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "நீங்க உக்காந்துட்டா பெட்டியை யாரு அமுக்குறது? நீங்க படத்துல இல்லாட்டித்தான் என்ன, நல்லாத்தான் இருக்கும்," என்றாள் உன் அத்தை. கங்காணி இல்லாத லயத்தைப் பார்த்தால் பினாங்கில் உன்னை யார் மதிப்பார்கள்? பிலிமில் ஆறு படத்துக்குத்தான் இடம். ஒன்று திறந்து பார்க்கும்போது என் வயிற்றைப் பிடித்துவிட்டது, மற்ற நாலும் ஒவ்வொரு பரீட்சையில் போயிற்று, மிச்சம் ஒன்றே ஒன்று. கை நடுங்காத ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளுகிற விரலைவிட நிதானமான விரல் எங்கே இருக்கிறது? ஆகையால் நான் நன்றாக யோசித்து, எதிரே தயாராக நின்றுகொண்டிருந்த உன் அம்மாவிடமே பெட்டியைக் கொடுத்தேன். அவள் மூச்சை அடக்கி, குனிந்து பார்த்து, "சிரிங்கடி, எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்று சொல்லி ஒரே அமுக்கு. டிக்.

பிலிமைக் கழுவுவதற்கு லத்தீப் நானாவிடம் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு வந்துவிடும். பார்க்காமலே சொல்கிறேன், இப்படி ஒரு படம் இந்த ஜில்லாவில் விழுந்ததில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் இருக்கிறோம். எண்ணிப் பார்த்துக்கொள். கப்பலில் தலை சுற்றினால் எலுமிச்சம்பழத்தை மோந்து பார். காற்றும் கடலும் உனக்கு அடங்கி நடக்கவும், போன இடத்தில் நீ முதலாளியாகி எனக்கு ஒரு கடிகாரம் அனுப்பவும், இந்த மலையும் மலைமேல் இருக்கிற சாமியும் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
பழனியாண்டிக் கங்காணி
(சில்லறைக் கங்காணி என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள்.)

பின்குறிப்பு: படம் வந்தது. ஐந்து வாசலும் விழுந்திருக்கிறது, ஆடு விழுந்திருக்கிறது, ஓரத்தில் நின்ற ராசம்மா இரண்டு ஆள் அகலத்துக்கு விழுந்து அதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இராசையா ஒருவன்தான் கேட்டான்: "இராக்கம்மாளை எங்க காணோம்?" மருமகனே, உன் அம்மா படத்தில் இல்லை. எப்படி இருப்பாள்? லயத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, எனக்குக்கூட! அடியில் தரைமேல் நீளமாக ஒரு நிழல் மட்டும், முக்காடும் இரண்டு முழங்கையுமாக எங்கள் கால்வரைக்கும் வந்து கிடக்கிறது. படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில்கூடத் தேடிப் பார்த்தேன், அத்தையைக் கேட்டுப்பார். உன் அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "நெழல் நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றாள். "ஆனா நெழலைப் பாக்கவா பெத்தேன் அவனை? நான் அழமாட்டேன்னு சொல்லிருடா தம்பி." வியாழக்கிழமை லத்தீப் நானாவும் ஸுபைராவும் சாமான் எடுக்கக் கொழும்புக்கு ரயில் ஏறுகிறார்கள். துரையிடம் லீவு கேட்டுவிட்டேன். அவர்களோடு வந்து இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறவள் உன் அம்மாதான். படமும் பெட்டியும் ஒரு புதுப் பிலிமும் அவள் மூட்டையில் இருக்கிறது. ஒருத்திக்கு எதற்கு அகலக் கண் என்று கேட்காமல், இந்தத் தடவை நீ பிடி. நாலு பக்கத்தையும் நீ நின்றுகொண்டு வாசித்திருப்பாய், அவளும் இவ்வளவு நேரம் நின்றிருப்பாள். கடிதத்தைக் கீழே வை. அவளை உட்காரச் சொல்.