மற்றும் பணியாட்கள் ஐவர்

மதிப்பிற்குரிய தாய்மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் இங்கே தூசி போக மீதி சுகம். தங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பின்னால் கேட்க இடம் இருக்காது என்பதால் இப்போதே கேட்டுவிடுகிறேன், எப்படி இருக்கிறது? விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் என்ற உரிமையில், காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதரிடம் சொல்லித் தாங்கள் வாங்கிக் கொடுத்த வேலையை நான் விடப்போகிறேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் தயாராக இருக்கிறது. அவர் வாயால் தாங்கள் கேட்பதற்கு முன் என் கையால் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்குத் தெம்பில்லை.

“கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தோட ஆவணக் காப்பகம்டா, அமைதியான இடம், உக்காந்து பழைய காகிதம் பாத்தா போதும்” என்றீர்கள். அமைதி இருக்கிறது மாமா, உட்காரத்தான் வழியில்லை. இருந்த ஒரே நல்ல நாற்காலி முதல் துணைவேந்தருடையது என்று கயிறு கட்டி எண் ஒட்டிவிட்டார்கள். நூலகத்துக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் வாளியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை நான் ஊற்ற வேண்டும். நான் படித்த முதுகலை வரலாறு அதற்குத்தான் பயன்படுகிறது. வாசலில் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்கள், உள்ளே பென்சில்தான், மை சிந்தினால் சரித்திரம் கெட்டுவிடுமாம். கையுறை எனக்கு முன்பு இருந்தவருடைய அளவு, அவர் கை முறம் போல இருந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இங்கே ஒரு சட்டம் உண்டு. பெட்டிக்குள் இருப்பது எதுவானாலும் இருந்தபடியே பதிய வேண்டும், எடுத்து எறியக் கூடாது. கன்னியர் மடத்துச் சலவைப் பட்டியல்களுக்கு நடுவே ஒரு பல்செட் கிடைத்தது. ‘கீழ்த்தாடை, உரியவர் அறியப்படவில்லை’ என்று பதிந்து பஞ்சில் வைத்தோம். போன மாதம் ‘சாயங்காலம் குடை வாங்க வேண்டும்’ என்று நான் எழுதிய துண்டுச்சீட்டு தவறிப்போய் ஒரு பெட்டிக்குள் விழுந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் அதற்கும் எண். “ஃபாதர், அது என் சீட்டு” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “எண் போட்டாச்சு தம்பி, இனிமே அது உன்னோடது இல்ல” என்றார். அன்று மழை வேறு. நனைந்துகொண்டே அறைக்குப் போனேன்.

இப்போது வைரவிழா வருகிறது. அடிக்கல் நாட்டிய புகைப்படத்தைப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டப்போகிறார்கள். ஆயர் கல்லின்மேல் இரண்டு விரல்களை வைத்திருக்கிறார். அந்தக் கல்லை ஐந்து பேர் கயிற்றில் கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கழுத்து நரம்பு புடைத்திருப்பது படத்திலேயே தெரிகிறது. கீழே குறிப்பு: முன்னால் மூன்று பட்டம் போட்டு, ஆயர் பெருந்தகை அடிக்கல் நாட்டுகிறார். பிறகு பதினொரு பிரமுகர்களின் பெயர்கள் பட்டத்தோடு. பிறகு துணைவேந்தரின் நாய், அதன் பெயரோடு, குடும்பப் பெயரும் சேர்த்து. கடைசியில், ‘மற்றும் பணியாட்கள் ஐவர்.’ அறுபது வருடமாக யாருக்கும் இது கூசவில்லை மாமா.

எங்கள் அறையைப் பெருக்கும் அக்கா வாளியோடு வந்தவர் நின்று பார்த்தார். “தம்பி, இடது பக்கம் தலப்பா கட்டியிருக்கே, அது எங்கப்பா” என்றார். மற்ற நால்வரையும் வரிசையாகச் சொன்னார், எல்லோரும் ஒரே வரிசை வீட்டில் குடியிருந்தவர்களாம். இருபத்தாறு வருடமாக இந்தக் கட்டடத்தைப் பெருக்குகிறார், யாரும் அவரிடம் படத்தைக் காட்டியதில்லை. “போன மாசம்தான் பேரனை இங்கேயே சேர்த்திருக்கு. உங்க பூட்டன் தூக்கின கல்லுடான்னா சிரிக்கிறான்” என்றார். ஃபாதரிடம் சொன்னேன். “வாய்ச்சொல்லுக்கு என்ன ஆதாரம்? படத்துக்குப் பின்னால எழுதியிருந்தா போடலாம்” என்றார். நாய்க்கு என்ன ஆதாரம் என்று கேட்க வாய் வரை வந்தது, தங்கள் முகத்துக்காக விழுங்கினேன்.

விழுங்கியது செரிக்கவில்லை. அவர் ஜெபத்துக்குப் போன நேரத்தில் படத்தைத் திருப்பி, சட்டப்படி கையுறை போட்டு, சட்டப்படி பென்சிலால், ஐந்து பெயர்களையும் எழுதிவிட்டேன். வியாழக்கிழமை பெரிதாக்க அனுப்புவதற்கு முன் ஃபாதர் படத்தைத் திருப்பினார். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பதிவேட்டை எடுத்து எண் போட்டார். என் கையெழுத்து நிரம்பிய வருகைப் பதிவேடு அதே மேசையில் ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. ஆவணத்தைத் திருத்தியவன் என்று பிடிபட்டால், மாமா, எனக்குப் போவது வேலை, தங்களுக்குப் போவது ஐம்பது வருடச் சிநேகம். அக்காவுக்குப் போவது அவர் அப்பாவின் பெயர், அழித்துவிடுவார்கள். அதனால் திங்கட்கிழமை நானே ஒப்புக்கொண்டு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கப்போகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசி எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
பணிவுள்ள, விரைவில் பணியில்லாத,
மருமகன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்ததால் இந்தக் கடிதம் பையிலேயே இருந்துவிட்டது. இன்று திங்கள். ஒப்புக்கொண்டேன். “தெரியும். நாலு மாசமா உன் கோழிக்கிறுக்கலைத்தானே படிக்கிறேன்” என்றார் ஃபாதர். பதிவேட்டைக் காட்டினார். ‘பென்சில் குறிப்பு. இந்த ஆண்டு எழுதப்பட்டது. எழுதியவர் உதவியாளர். ஆதாரம்: படத்தில் உள்ளவரின் மகள், நேரில் விசாரித்துப் பதிந்தது.’ சனிக்கிழமை அவரே அக்காவை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் எழுதியிருக்கிறார், அதுவும் அந்தக் கயிறு கட்டிய நாற்காலியில். ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். படிக்காமலே பெட்டிக்குள் வைத்து எண் போட்டுவிட்டார். இனிமேல் அது என்னுடையது இல்லை, ஆகவே நான் வேலையை விடவில்லை, விடவும் வழியில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கீழே குறிப்பில் ‘பணியாட்கள் ஐவர்’ இருந்த இடத்தில் நான் எழுதியபடியே ஐந்து பெயர்களையும் போட்டுப் படம் மாட்டியாகிவிட்டது. அக்கா கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். பேரனைக் கூட்டி வந்து காட்டப்போகிறாரோ, கண் கலங்கப்போகிறாரோ என்று பக்கத்தில் நின்றேன். “ஆயருக்கு மூணு பட்டம் போட்டிருக்கு. எங்கப்பாவுக்கு ஒரு ‘திரு’ போட உன் பென்சில் தேஞ்சுபோச்சா?” என்றார். சீவிக்கொண்டிருக்கிறேன் மாமா.